காவா விற்கும் நம்மவர் கடைகளுக்கும், அதைத் தியானத்தோடு சேர்ப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மளிகைக் கடை நடத்தும் தமிழ் அன்பர்களுக்கும், தியான வகுப்புகளும் மூச்சுப் பயிற்சி முகாம்களும் நடத்தும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

2021 டிசம்பர் 1 முதல், பசிபிக் தீவு மக்கள் நீரில் பிசைந்து குடிக்கும் வேரான காவாவை உணவுப் பொருளாக வணிகரீதியில் இறக்குமதி செய்ய ஆஸ்திரேலியா முன்னோட்ட அனுமதி தந்தது. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் பயணிகள் பெட்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆளுக்கு 2 கிலோவாக இருந்த அந்த வரம்பு 2019 டிசம்பரில் 4 கிலோ ஆனது. நியூசிலாந்தில் விற்பனை அதற்கும் பழையது. இன்று பருப்பு மூட்டைக்கும் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் நடுவே பழுப்புத் தூள் பொட்டலமும் அடுக்கப்படுகிறது. அதை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஃபிஜி, தோங்கா, சமோவா, வனுவாட்டு மக்களும் ஃபிஜி இந்தியர்களும்தான். அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. இந்த மடல் அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. "தியானத்துக்கு நல்லதாமே" என்று கேட்டு வருபவருக்கு, "ஆமாம்" என்று சொல்லிப் பொட்டலத்தை நீட்டிவிடுவது போதாது.

காவா என்றால் நான்கு விஷயங்கள் சேர்ந்தது: எந்த இனம், செடியின் எந்தப் பாகம், எதில் பிசைந்தது, எப்படிக் கூடியிருந்து குடிப்பது. பசிபிக் தீவுகள் மூவாயிரம் ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்தது இந்த நான்கையும் சேர்த்துத்தான். இவற்றில் ஒன்று விடுபட்ட இடங்களில்தான் காவாவால் கேடு வந்திருக்கிறது. அவை எந்த இடங்கள், ஏன் அப்படி நடந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இந்த நான்கும் தெரியாமல் காவாவை விற்காதீர்கள், பரிமாறாதீர்கள்.

காவா மிளகுக் குடும்பத்துச் செடி. தாவரப் பெயர் பைப்பர் மெதிஸ்டிகம். நம் வெற்றிலை, மிளகு, திப்பிலி மூன்றும் இதே பேரினம். இதய வடிவ இலையையும் கணுக்கணுவான தண்டையும் பார்த்தால் உறவு விளங்கும். வெற்றிலை படரும் கொடி. காவா ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து வளரும் புதர். குரோமோசோம் தொகுதி பத்து மடங்காகப் பெருகிவிட்ட மலட்டுச் செடி என்பதால் விதை கட்டாது. தண்டை வெட்டிக் கணுவை மண்ணில் வைத்தால்தான் அடுத்த செடி. பைப்பர் விச்மானி என்ற காட்டுச் செடியிலிருந்து, பெரும்பாலும் வனுவாட்டுவின் வட தீவுகளில், மனிதர்கள் இதைத் தேர்ந்து வளர்த்தெடுத்தார்கள் என்பது தாவரவியலாளர்களின் கணிப்பு. அங்கிருந்து ஃபிஜிக்கும் தோங்காவுக்கும் ஹவாய்க்கும், மைக்ரோனேசியாவின் பொன்பே தீவுக்கும் அது போனதெல்லாம் தோணியில், மனிதர் கையில். எந்த வேர் மனத்துக்கு அமைதி தந்ததோ அதன் தண்டை மறுபடி நட்டார்கள். வயிற்றைப் புரட்டியதை ஒதுக்கினார்கள். இன்று கையில் இருக்கும் ஒவ்வொரு வகையும் அப்படிக் குடித்துப் பார்த்துத் தேர்ந்தவர்களின் உழைப்பு.

வனுவாட்டுவில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. அந்நாட்டின் 2002-ஆம் ஆண்டு காவா சட்டம் அவற்றை நான்காகப் பிரிக்கிறது: 'நோபிள்' எனப்படும் உயர்வகை, மருந்துக்கான வகை, 'டூடே' எனப்படும் இரண்டு நாள் வகை, காட்டு வகையான விச்மானி. அன்றாடம் குடிக்கத் தகுந்தது உயர்வகை மட்டும். மெலோமெலோ, பெந்தகோஸ்து தீவின் பொரோகு, சாந்தோவின் பலராசூல், எபியின் கெலை எல்லாம் இதில் அடங்கும். இரண்டு நாள் வகையைக் குடித்தால் குமட்டலும் சோர்வும் மறுநாளும் விடாது. பெயரே அதனால் வந்தது. ஆனால் அது வேகமாக வளரும், நோய் தாங்கும், வேர் கனமாக இறங்கும், சத்தும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே விலை ஏறும் காலத்தில் கலப்படமாக வருவது அதுதான். அதன் ஏற்றுமதியை வனுவாட்டு சட்டம் தடுக்கிறது; வாங்குபவர் எழுத்தில் கேட்டால் மட்டும் விதிவிலக்கு.

கடைக்காரரால் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுமே பழுப்புத் தூள்தான். ஆனால் சப்ளையரிடம் கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. காவாவின் செயலுக்குக் காரணமானவை காவாலாக்டோன்கள். அவற்றில் முக்கியமான ஆறுக்கு ஆய்வகங்கள் எண் கொடுத்திருக்கின்றன: 1 டெஸ்மெதாக்ஸியாங்கோனின், 2 டைஹைட்ரோகவைன், 3 யாங்கோனின், 4 கவைன், 5 டைஹைட்ரோமெதிஸ்டிசின், 6 மெதிஸ்டிசின். ஒரு வேரில் எது அதிகமோ அதன் எண் முதலில், அடுத்தது அதற்குப் பின் என்று ஆறு எண்களை வரிசையாக எழுதுவார்கள். வரிசை 42, 24, 46 என்று தொடங்கினால் உயர்வகையின் அடையாளம். 52 என்றோ 25 என்றோ தொடங்கினால் இரண்டு நாள் வகை, வாங்காதீர்கள். 423561 என்று சான்றிதழில் பார்த்தால், கவைன் முதலில் நிற்கிறது என்று பொருள். கவைன் விரைவில் ஏறி விரைவில் இறங்கும். டைஹைட்ரோமெதிஸ்டிசின் மெல்ல ஏறும், உடலை விட்டுப் போக நேரம் எடுக்கும்.

ஆய்வகங்களில் அசிட்டோன் சோதனையும் உண்டு. தூளை அசிட்டோனில் குலுக்கித் தெளிய வைத்தால் உயர்வகை மஞ்சளாக நிற்கும். இரண்டு நாள் வகை ஆரஞ்சுக்கும் செம்பழுப்புக்கும் போகும். ஃபிளவோகவைன் என்ற நிறப்பொருள்கள் அதில் கூடுதலாக இருப்பதே காரணம். அவற்றுள் ஃபிளவோகவைன் பி, ஆய்வகக் குடுவையில் கல்லீரல் செல்களைக் கொல்வதாகக் கண்டிருக்கிறார்கள். இந்தச் சோதனையைக் கடையின் பின்கட்டில் செய்யச் சொல்லவில்லை. அசிட்டோன் தீப்பற்றும், அதில் ஊறிய தூளைக் குடிக்கவும் கூடாது. நிற அளவை (440 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல்) சான்றிதழில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான ஏற்றுமதியாளரிடம் அது இருக்கும்.

அடுத்தது பாகம். காவா வேரிலிருந்து வருவது. பக்கவேர்களில் சத்து அதிகம். ஃபிஜியில் அதை வாக்கா என்பார்கள். அடிக்கிழங்குப் பகுதி லெவேனா. அதில் சத்து குறைவு, சுவையும் இலேசு. தரைக்கு மேல் உள்ள தண்டும் அதன் தோலும் இலையும் குடிக்கும் பொருளே இல்லை. தண்டின் தோலிலும் இலையிலும் பைப்பர்மெதிஸ்டின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. அதனால்தான் தீவுகளில் வேரைச் சீவிக் கழுவி எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உணவு விதிகளின் 2.6.3 பிரிவும் தோல் சீவிய வேரையும் வேர்த்தண்டையும் மட்டுமே அனுமதிக்கிறது.

1990-களின் இறுதியில் ஐரோப்பாவில் காவா மாத்திரைகளுக்குக் கிராக்கி ஏறியது. மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் மூலிகை மருந்தாக விற்றார்கள். மாத்திரை செய்யச் சாறு வேண்டும். சாறு இறக்க அசிட்டோனும் எத்தனாலும் பயன்பட்டன. கரைப்பானில் இறக்குவதால் எந்தப் பாகம் என்ற கவலை வாங்குபவருக்கு இல்லாமல் போயிற்று. தீவுகளில் கழித்த தண்டுத் தோல் மலிவாகக் கிடைத்தது, அதையும் வாங்கினார்கள். எந்த இனம் என்றும் கேட்கவில்லை. கல்லீரல் பாதிப்புப் புகார்கள் வரத் தொடங்கின. 2002 ஜூனில் ஜெர்மனி காவா மருந்துகளின் அனுமதியை ரத்து செய்தது. பிரிட்டன் உட்பட வேறு நாடுகளும் தடை போட்டன. வனுவாட்டுவிலும் ஃபிஜியிலும் அதை நம்பி நட்ட குடியானவர்களுக்குச் சந்தை மூடிப்போயிற்று. மாத்திரையையே பார்த்திராதவர்கள் அவர்கள். 2014-ல் கொலோன் நிர்வாக நீதிமன்றம் ஜெர்மன் தடைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அங்கே இழுபறி ஓயவில்லை. அந்தப் புகார்களில் சிலவற்றில் மதுப் பழக்கமும் வேறு மருந்துகளும் சேர்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இனம், பாகம், நீர் மூன்றையும் ஒரே நேரத்தில் கைவிட்ட ஒரு பொருளைக் காவா என்ற பெயரில் விற்றார்கள் என்பதில் ஐயமில்லை. 2016-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வறிக்கை, நீரில் பிசைந்த காவா பானத்தை ஏற்கத்தக்க அளவு குறைந்த ஆபத்தோடு குடிக்க முடியும் என்று முடிவு செய்தது. 2020-ல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், நீரில் கலந்து குடிக்கும் காவாவுக்கு வட்டாரத் தரநிலை கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் ஹவாய் மாநில சுகாதாரத் துறை, மரபுப்படி நீரில் செய்த 'அவா'வை (காவாவின் ஹவாய்ப் பெயர்) பாதுகாப்பான உணவாக ஏற்றது. இவை எல்லாவற்றிலும் 'நீர்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள்.

ஏன் நீர்? அதுவும் ஏன் குளிர்ந்த நீர்? காவாலாக்டோன்கள் தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். பிசையும்போது வேர்த் துகளிலிருந்து பிரிந்து, பால்போலக் கலங்கி மிதக்கின்றன. காய்ந்த வேரில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து. வெந்நீர் ஊற்றினால் அந்த மாவு வெந்து கூழாகி, சத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும், வடிதுணியும் அடைபடும். டீ போலக் கொதிக்க வைத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று கடைக்குத் திரும்பி வந்து இரண்டு மடங்கு வாங்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய முறை இது.

நாலைந்து பேருக்கு 50 கிராம் தூள், ஒரு லிட்டர் குளிர்ந்த அல்லது சாதாரணத் தண்ணீர். தூளை நெருக்கமான பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து பிழிய வேண்டும். நீர் களிமண் கலங்கலாக மாறி, மேலே மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் சரியாக இறங்கியிருக்கிறது. அதே மூட்டையை அரை லிட்டரில் இன்னொரு முறை பிசையலாம். மூன்றாவது முறை வீண். சக்கையை அப்படியே கலக்கிக் குடிப்பது வயிற்றுக்கு ஆகாது. குமட்டலுக்குப் பெரும்பாலும் நார்தான் காரணம். அடியில் மாவு படியும் என்பதால் ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் கலக்கிவிட வேண்டும், இல்லையென்றால் முதலில் குடித்தவருக்கு வெறும் தண்ணீரும் கடைசியில் குடித்தவருக்கு முழு வீரியமும் போகும். செய்ததை அன்றே முடிக்க வேண்டும். வெளியில் வைத்தால் மறுநாள் புளித்துக் கெட்டுவிடும். ஒரு சிரட்டை என்பது 100 முதல் 150 மில்லி. ஒரே மடக்கில் குடிப்பார்கள், ஏனென்றால் சுவை கசப்பும் காரமும் மண்ணும் கலந்தது. நாக்கும் உதடும் சற்று மரத்துப்போகும். மரத்துப்போவது கவைன், டைஹைட்ரோகவைன் செய்யும் வேலை. அப்படி மரக்கவே இல்லையென்றால் தூள் பழையது அல்லது வேரல்லாதது கலந்தது. அடுத்த சிரட்டைக்குக் குறைந்தது இருபது நிமிடம் பொறுக்க வேண்டும்.

நான்காவதுதான் பலரும் விட்டுவிடுவது: கூடியிருக்கும் முறை. அதைச் சடங்கு என்று ஒதுக்கிவிடுவது பெரிய பிழை. ஃபிஜியில் யங்கோனா (காவாவின் ஃபிஜிப் பெயர்) வைக்கும் முறையைப் பாருங்கள். விருந்தாளி முதலில் காவா வேர்க்கட்டை ஊர்த் தலைவர் முன் வைத்து வணங்கிக் கொடுப்பார், அது செவுசெவு. ஊருக்குள் நுழைய அனுமதி கேட்பதும், அந்த மண்ணின் முன்னோருக்கு மரியாதை செலுத்துவதும் அதில் அடங்கும். பிறகு தானோவா என்ற கால்வைத்த மரத்தொட்டியில் பிசைவார்கள். வடிப்பதற்கு நீர்ப்பருத்தி மரப்பட்டை நார். தொட்டியிலிருந்து சோழி கோத்த கயிறு தலைவரை நோக்கி நீட்டப்பட்டிருக்கும். அதைக் குறுக்கே யாரும் தாண்டமாட்டார்கள். முதல் சிரட்டை தலைவருக்கு. வாங்குபவர் கையைக் குவித்து ஆழமாக ஒருமுறை தட்டி, "புலா" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்துச் சிரட்டையைத் திருப்பித் தருவார். பின் மூன்று முறை தட்டுவார்கள். அதன் பிறகுதான் அடுத்தவருக்கு. ஒரு சுற்று முடியும் வரை இரண்டாவது சிரட்டை யாருக்கும் கிடையாது. எவ்வளவு குடிப்பது என்பதைக் குடிப்பவர் முடிவு செய்வதில்லை. சுற்று முடிவு செய்கிறது. பரிமாறுபவர் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார், யாருக்கு அரைச் சிரட்டை என்று அவருக்குத் தெரியும். அளவையும் இடைவெளியையும் கவனிப்பையும் இதைவிடச் செம்மையாகக் காக்கும் லேபிள் எந்த நாட்டிலும் அச்சாகவில்லை.

வனுவாட்டுவின் தன்னா தீவில் முறை வேறு, உள்ளம் ஒன்று. ஊருக்கு வெளியே பெரிய ஆலமரங்களின் அடியில் உள்ள வெளிதான் அங்கே நாகமால். பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் கூடுவார்கள். இளைஞர்கள் வேரை மென்று இலையில் வைக்க, தென்னம் பன்னாடையில் நீர் விட்டு வடிப்பார்கள். குடிப்பவர் சற்று விலகி நின்று ஒரே மூச்சில் குடித்து, கடைசி வாயைக் காற்றில் உமிழ்ந்தபடி முன்னோரிடம் தன் வேண்டுதலை முணுமுணுப்பார். தமாஃபா என்பது அதன் பெயர். மழை, விளைச்சல், நோய், பயணம், எதுவும் வேண்டுதலாகலாம். அதன்பின் பேச்சு அடங்கிவிடும். வனுவாட்டுவின் பொதுமொழியான பிஸ்லாமாவில் 'காவாவைக் கேட்பது' என்றே அந்த அமைதியைச் சொல்கிறார்கள். ஒளியும் கூடாது, உரத்த குரலும் கூடாது. இதற்கு உடலிலேயே காரணம் உண்டு: காவா கண்மணியைச் சற்று விரிக்கும், அருகில் இருப்பதைப் பார்க்கும் திறனைத் தளர்த்தும், வெளிச்சம் உறுத்தும். போர்ட் விலா நகரத்து நாகமால்களிலும் மங்கிய விளக்கு ஒன்றுதான் இருக்கும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் தன்னாவில் காவாவை அடக்க முயன்றார்கள். 1940-களில், பழைய மரபுகளுக்குத் திரும்ப அழைத்த ஜான் ஃப்ரம் இயக்கம் எழுந்தபோது மக்கள் முதலில் மீட்டுக்கொண்டவற்றில் காவாவும் ஒன்று. அந்த நாகமாலில் பெண்களுக்கு இடமில்லை என்பதும் உண்மை. அதைப் பின்பற்றச் சொல்லி நாங்கள் எழுதவில்லை.

பொன்பேயில் சகாவ் என்ற பெயரில், பசால்ட் பாறைப் பலகையில் கல்லால் இடித்து, நீர்ப்பருத்திப் பட்டையில் வைத்து முறுக்கிப் பிழிவார்கள். குற்றம் செய்தவரின் குடும்பம் மன்னிப்புக் கேட்டுச் சகாவ் கொண்டுவந்தால், அதை ஏற்றுக் குடித்தவர் பகையை விட்டாக வேண்டும்.

இந்த நான்காவது விஷயம் விடுபட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவே பார்த்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் வட ஆட்புலத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) ஆர்னெம் நிலத்துப் பூர்வகுடி ஊர்களுக்குள் காவா வந்தது. பசிபிக் தீவுத் திருச்சபையினரோடு தொடர்புடைய வழி அது. மதுவுக்கு மாற்றாக இருக்கும் என்ற நல்லெண்ணமும் இருந்தது. வந்தது தூள் மட்டும். தலைவர் இல்லை, சுற்று இல்லை, சாயங்காலம் என்ற வரையறை இல்லை. வாரத்துக்கு 300, 400 கிராமைத் தாண்டிக் குடித்தவர்களிடம் எடை குறைவு, செதில் செதிலாக உரியும் வறண்ட தோல், கல்லீரல் நொதிகளின் ஏற்றம் எல்லாம் காணப்பட்டன. நிறுத்தியதும் பெரும்பாலும் சரியாயின என்பது ஆறுதல். ஆனால் பணமும் நேரமும் கரைந்தன, கள்ளச் சந்தை வளர்ந்தது. அங்கே இன்றும் தனிச் சட்டம் உண்டு. வட ஆட்புலத்துக்கு அஞ்சலில் அனுப்பும் முன் அதைப் படித்துப் பாருங்கள். ஃபிஜியிலும் இரவெல்லாம் 'கிராக்' (யங்கோனாவின் பேச்சுவழக்குப் பெயர்) தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து மறுநாள் வேலையைத் தவறவிடுவது வீட்டுச் சண்டைக்குப் பழைய காரணம். வறண்ட தோலுக்கு அங்கே கனிகனி என்று பெயரே இருக்கிறது. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர் குடும்பங்களும் யங்கோனாவைத் தங்கள் திருமணத்திலும் துக்க வீட்டிலும் சேர்த்துக்கொண்டன. அந்த வீடுகளில் கேட்டால் இதன் நல்லதும் கெட்டதும் இரண்டையும் மறைக்காமல் சொல்வார்கள். தியான வகுப்பு நடத்துபவர்கள் முதலில் பேசிப் பார்க்க வேண்டியது அவர்களிடம்தான்.

தியான அன்பர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கறாராக இருக்கும். காவாவில் காட்சி தோன்றாது, 'நான்' என்ற உணர்வு கரையாது. தசை தளரும், பதற்றம் அடங்கும், அறிவு பெருமளவு தெளிவாகவே இருக்கும். இதைச் சோம பானம் என்றோ சித்தர் மூலிகை என்றோ சொல்லி விற்காதீர்கள். இந்தச் செடி நம் மரபில் இருந்ததற்குச் சான்றில்லை. நமக்கு வந்தது அதன் உறவுக்காரச் செடிகள் மட்டுமே. அது தன்னாவின், ஃபிஜியின், தோங்காவின் வழிபாடு. அந்தப் பெயரோடு, அந்த ஊரோடு சொல்லுங்கள். சுற்று வைக்க வேண்டுமென்றால் அந்தச் சமூகத்து மூத்தவர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, அவரை நடத்தச் சொல்லுங்கள். அவர் "இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம்" என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேகமூச்சுப் பயிற்சியோடும், நின்று செய்யும் ஆசனங்களோடும் காவாவைச் சேர்க்காதீர்கள். அறிவு தெளிவாக இருக்க, கால் மட்டும் தடுமாறும். இதுதான் காவாவின் மிக ஏமாற்றும் குணம். "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சாவியை எடுப்பவர்தான் ஆபத்தானவர். குடித்த இரவில் யாரும் வண்டி ஓட்டக்கூடாது. ஏற்பாடு செய்பவர் வீடு திரும்பும் வழியையும் ஏற்பாடு செய்ய வேண்டும். வயிறு ஓரளவு காலியாக இருக்கும்போது குடித்து, பின் இலேசாகச் சாப்பிடுவதுதான் வழக்கம். மதுவோடு கூடவே கூடாது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் இரட்டிக்கும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு மருந்தின் பலனைக் குறைக்கலாம். கல்லீரல் நோய் உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் யாருக்கும் கொடுக்காதீர்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். காவா குடித்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இந்தக் கேள்விகளை வகுப்பில் சேரும் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில், குறிப்பாக ஃபுளோரிடாவில், காவா பரிமாறும் கூடங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றில் பல காவாவோடு கிராட்டம் என்ற தென்கிழக்காசிய இலையையும் சேர்த்து விற்கின்றன. அது ஓபியம் வேலை செய்யும் அதே ஏற்பிகளில் வேலை செய்வது, பழக்கத்துக்கு அடிமையாக்குவது; பசிபிக் மரபோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் தடைசெய்யப்பட்டதும்கூட. இணையத்தில் பார்த்து அந்தக் கலவையைக் கேட்டு வருபவரை இல்லையென்று அனுப்பிவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கு இனி மீதியிருப்பது கொள்முதல். ஒவ்வொரு மூட்டைக்கும் சப்ளையரிடம் தீவின் பெயர், வகையின் பெயர், வாக்காவா லெவேனாவா, எத்தனை வயதில் தோண்டியது, ஈரப்பதம் எவ்வளவு, ஆறு எண் வரிசை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். "ஃபிஜி காவா, நல்ல சரக்கு" என்பது பதில் ஆகாது. செடி குறைந்தது மூன்று ஆண்டு நிற்க வேண்டும். நான்கு, ஐந்து நல்லது. 2015 மார்ச்சில் பாம், 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன், 2020 ஏப்ரலில் ஹெரால்டு என்று புயல்கள் தோட்டங்களைச் சாய்த்தன. அப்படி ஒவ்வொரு முறையும் விலை ஏறும். விலை ஏறினால் இளம் வேரைத் தோண்டுவார்கள், தண்டையும் சேர்த்து அரைப்பார்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் வெள்ளரி மொசைக் வைரஸ் தாக்கினால் தண்டு அழுகி, குடியானவர் கிடைத்ததை அவசரமாகத் தோண்டவேண்டி வரும். ஆகவே சந்தையில் தட்டுப்பாடு என்று கேள்விப்படும் மாதங்களில்தான் சான்றிதழை இரண்டு முறை பார்க்க வேண்டும். மலிவாக வருவதைக் கண்டு மகிழ வேண்டாம். பச்சை வேர் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அதற்குமேல் மலிவாகத் தர யாராலும் முடியாது.

ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். மூட்டையைத் திறந்ததும் மிளகு வாசனையோடு மண் வாசனை வர வேண்டும். ஊசிப்போன வாடையோ, தூள் கட்டிகட்டியாக ஒட்டுவதோ கூடாது. காற்றுப் புகாத டப்பாவில், மசாலாப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். அளவோடு பயன்படுத்த வேண்டும், தூக்கம் வரலாம் என்ற இரண்டு எச்சரிக்கைகளும் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடையில் நீங்களே சிறு பொட்டலமாகக் கட்டினாலும் அது பொருந்தும். காவாவை பிஸ்கட்டிலோ சாக்லேட்டிலோ குளிர்பானத்திலோ சேர்த்து விற்க இந்த உணவு விதிகளில் இடமில்லை. மாத்திரையாக விற்பது மருந்துச் சட்டத்தின் கீழ் வருவது. ஆஸ்திரேலியாவில் அதற்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் காவாலாக்டோன் என்ற உச்சவரம்பு உண்டு. அதை மளிகைக் கடை அலமாரியில் வைக்க வேண்டாம். செய்முறையை ஒரு துண்டுத்தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, பொட்டலத்தோடு கொடுங்கள். ஒருவரே வாரந்தோறும் கிலோக்கணக்கில் வாங்கினால், எத்தனை பேர் குடிக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். கேட்பதில் தவறில்லை.

சான்றிதழில் எண் வரிசை 25 என்றோ 52 என்றோ வந்து, மூட்டை ஏற்கெனவே கடைக்குள் வந்துவிட்டதென்றால், நல்ல தூளோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கலக்காதீர்கள். விற்பனையை நிறுத்தி, மூட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு, சப்ளையருக்கே திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே விற்ற பொட்டலங்களுக்குக் கடை வாசலில் அறிவிப்பு எழுதி ஒட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

அன்புடன்,
காவாவையும் அதை வளர்த்த மக்களையும் மதிக்கும் சிலர்